செல்லுக்கு வெளியே

மாரடைப்பு வந்தவருக்கு அடைபட்ட குழாயைத் திறந்து ரத்தத்தை ஓடவிட்டால் இதயம் பிழைத்துக்கொள்ளும். இதில் சந்தேகமில்லை, திறக்காமல் விட்டால் அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை முழுவதும் போய்விடும். ஆனால் திரும்பி வரும் ரத்தமே அந்தத் தசையின் ஒரு பங்கைக் கொன்றுவிடுகிறது என்று படித்ததிலிருந்து என் மனம் அந்த இடத்தை விட்டு நகர மறுக்கிறது. ராபர்ட் ஜென்னிங்ஸும் சகாக்களும் 1960இல் நாய்களின் இதயத்தில் இதைக் கண்டார்கள். குழாயை ஒரு நாள் முழுக்கக் கட்டிவைத்தால் எவ்வளவு அழிவு தெரியுமோ, கொஞ்ச நேரம் கட்டி அவிழ்த்துவிட்ட தசையில் அவ்வளவு அழிவு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்தது. செல்கள் வீங்கிக் கிழிந்து கிடந்தன. அப்படியானால் அவை எப்போது செத்தன? ரத்தம் நின்றபோதா, வந்தபோதா? ஏற்கெனவே முடிந்துபோன சாவைத்தான் ரத்தம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததா, பிழைக்க இருந்தவற்றையும் சேர்த்துக் கொண்டுபோனதா? 1985இல் யூஜின் பிரௌன்வால்டும் ராபர்ட் குளோனரும் இதைப் பற்றி எழுதியபோது கட்டுரைத் தலைப்பின் முடிவில் ஒரு கேள்விக்குறியைப் போட்டார்கள். அந்தக் கேள்விக்குறி இன்னும் அழியவில்லை.

இதயத்தின் எடை சுமார் 300 கிராம். செல்லின் எரிபொருளான ஏடிபியை அது ஒரு நாளில் கிட்டத்தட்ட 6 கிலோ செலவழிக்கிறது. கையிருப்பு சில நொடிகளுக்குத்தான் காணும். ஆக்க ஆக்கச் செலவழித்து, செலவழிக்கச் செலவழிக்க ஆக்கிக்கொண்டே இருந்தால்தான் அடுத்த துடிப்பு. அதனால்தான் இதயத் தசைச் செல்லுக்குள் மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியாவே அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் நின்றதும் அங்கே நடப்பது எனக்கு எந்தத் துன்பியல் நாடகத்தைவிடவும் துயரமாகத் தோன்றுகிறது. ஏடிபியை ஆக்கித் தந்த நொதி தலைகீழாகச் சுழல ஆரம்பிக்கிறது. தன் சவ்வின் மின்னழுத்தம் விழுந்துவிடாமல் காக்க, செல்லில் மிச்சமிருக்கும் ஏடிபியையும் மைட்டோகாண்ட்ரியா தின்கிறது. ஊட்டி வளர்த்தது உண்ணத் தொடங்குகிறது. கூடவே சக்சினேட் என்ற பொருள் எரியாமல் குவிந்துகொண்டே போகிறது. ரத்தம் திரும்பிய மறுகணம் அந்தக் குவியல் முழுவதும் ஒரே மூச்சில் எரிய, அதிலிருந்து நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பொங்குகின்றன. கேம்பிரிட்ஜ் குழுவினர் 2014இல் இதை விளக்கினார்கள். அதே நேரத்தில் செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாக ஏறுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் ஒரு துளை திறக்கிறது. திறந்தால் மைட்டோகாண்ட்ரியா வீங்கி வெடிக்கும், செல்லும் அதோடு போகும். ரத்தம் நின்று இருபது நிமிடத்துக்குள் திரும்பினால் தசை மயங்கிக் கிடந்து தேறிக்கொள்ளும். அதற்குமேல் போகப் போகத் திரும்பாத செல்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும்.

கெட்டுப்போனது மைட்டோகாண்ட்ரியா என்றால் நல்லதைக் கொண்டுபோய் வைத்தால் என்ன? கேட்கும்போது சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது. பாஸ்டனில் ஜேம்ஸ் மெக்கலி அதைத்தான் கேட்டார். ரத்தத்தைத் திருப்பிவிடும் நேரத்தில், ஆரோக்கியமான தசையிலிருந்து பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவை முயலின் இதயத்தில் ஊசிவழி செலுத்திப் பார்த்ததை அவரும் சகாக்களும் 2009இல் வெளியிட்டார்கள். செத்த பகுதி குறைந்தது, இதயம் நன்றாகச் சுருங்கியது. பிறகு அதே முயலின் மார்புத் தசையிலிருந்தே எடுத்துச் செலுத்தினார்கள். பிறகு பன்றிகள். பிறகு, பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில், அறுவை மருத்துவர் சீதாராம் எமானியோடு சேர்ந்து, குழந்தைகள்.

அந்த அறுவை அரங்கை நான் மனத்தில் பலமுறை நடத்திப் பார்த்திருக்கிறேன். பிறவிக் கோளாறுக்காக இதயத்தில் அறுவை நடந்த குழந்தை. நடுவில் தசைக்கு ரத்தம் போகாமல் இதயம் துவண்டுவிட்டது. இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் வெளியிலிருந்து செய்யும் எக்மோ கருவியில் கிடக்கிறது. எக்மோ என்ற பெயரை, முதல்வர் அதில் வைக்கப்பட்ட 2016 டிசம்பர் முதல் வாரத்தில் தமிழ்நாடு முழுக்க ஒரே இரவில் கற்றுக்கொண்டது; அது தாங்கிப் பிடிக்கும், குணப்படுத்தாது என்பதையும் அந்த வாரமே கற்றுக்கொண்டது. நாள் செல்லச் செல்ல எக்மோவே ஆபத்தாகும்: ரத்தக் கசிவு, ரத்த உறைவு, தொற்று. குழந்தையின் நெஞ்சைத் திறந்த அதே வெட்டின் கீழ் முனையில், வயிற்றுத் தசையிலிருந்து சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு எடுக்கிறார்கள். பனிக்கட்டிக் குளிரிலேயே எல்லாம் நடக்க வேண்டும். துண்டை ஒரு கருவியில் ஒரு நிமிடம் அரைக்கிறார்கள், நொதியில் பத்து நிமிடம் ஊறவைக்கிறார்கள், ஒன்றைவிட ஒன்று நுண்ணிய வடிகட்டிகளில் விடுகிறார்கள். அரை மணி நேரத்துக்குள் கலங்கலான ஒரு மில்லிலிட்டர் திரவம் கையில் இருக்கிறது. அதில் சுமார் 10 கோடி மைட்டோகாண்ட்ரியா. அதைப் பத்தாகப் பிரித்து, துவண்ட தசையின் மேல், ஒவ்வோர் இடத்திலும் 0.1 மில்லிலிட்டராக, மெல்லிய ஊசியால் இறக்குகிறார்கள். உறையவைத்து நாளைக்கு வைத்துக்கொள்ள முடியாது. இன்னொரு ஊரிலிருந்து வரவழைக்கவும் முடியாது. அந்த உடலின் ஒரு தசை இன்னொரு தசைக்கு அந்த நிமிடத்தில் கொடுப்பது மட்டும்தான். நன்கொடையாளரும் பெறுபவரும் ஒருவரேயான இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஓர் அழகு இருப்பதை மறைக்க மாட்டேன். என் உறுத்தலின் ஒரு பகுதியும் அந்த அழகிலிருந்துதான் வருகிறது. அழகான கதையை யாரும் குடைந்து கேட்பதில்லை.

2017இல் வெளிவந்த முதல் அறிக்கையில் ஐந்து குழந்தைகள். நால்வர் எக்மோவிலிருந்து விடுபட்டார்கள். 2021இல் இன்னும் பெரிய கணக்கு: இந்தச் சிகிச்சை பெற்ற பத்துப் பேரில் எட்டுப் பேரும், பெறாத பதினான்கு பேரில் நான்கு பேரும் எக்மோவிலிருந்து வெற்றிகரமாக விடுவிக்கப்பட்டார்கள். எட்டுக்கும் நான்குக்கும் நடுவில் இருப்பவை குழந்தைகளின் உயிர்கள் என்பதால் இந்த எண்களைச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை. ஆனால் அந்தப் பதினான்கு பேர் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவர்கள் இல்லை. 2002இலிருந்து 2018 வரையிலான பதிவேடுகளைப் பின்னோக்கிப் புரட்டி ஒப்பிட்டது அது. பதினாறு வருடங்களில் அறுவை மாறும், மயக்க மருந்து மாறும், எக்மோ கருவியே மாறும், அதை ஓட்டுகிறவர்களின் கைப்பழக்கமும் மாறும். ஊசியின் பலன் எவ்வளவு, காலத்தின் பலன் எவ்வளவு என்று இந்தக் கணக்கிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. மெக்கலியின் குழு எதையும் மறைக்கவில்லை. இவ்வளவு நோய்ப்பட்ட குழந்தைகளிடம் தொடங்குகிற எந்தச் சிகிச்சைக்கும் ஆரம்பம் இப்படித்தான் இருக்க முடியும்.

பள்ளிப் பாடப் புத்தகம் மைட்டோகாண்ட்ரியாவைச் செல்லின் ஆற்றல் நிலையம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது. அந்தச் சித்திரம் மனத்தில் ஊறிப்போனதால் இந்தச் சிகிச்சையும் உடனே விளங்கிவிடுகிறது: பழுதான நிலையத்துக்குப் பக்கத்தில் புதிய நிலையம், மின்சாரம் வந்துவிட்டது. எண்களைக் கையில் எடுத்தவுடன் சித்திரம் கலைகிறது. பெரியவரின் இதயத்தில் 200 கோடிக்கு மேல் தசைச் செல்கள், ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் மைட்டோகாண்ட்ரியா. குழந்தையின் இதயம் என்பதற்காக எவ்வளவு கழித்துக்கொண்டாலும் மொத்தம் லட்சம் கோடிகளில்தான் நிற்கும். ஊசியில் போவது 10 கோடி. அதிலும் செல்லுக்குள் நுழைவது ஒரு சிறு பகுதி. பெரும்பகுதி செல்களுக்கு இடைப்பட்ட வெளியில் தங்கிவிடுகிறது. நாளைக்கு ஆறு கிலோ கேட்கும் உறுப்புக்கு இது தரக்கூடிய ஏடிபி கணக்கில் வராது. ஆகவே, ஊசி வேலை செய்கிறது என்றால் அது ஆற்றல் கொடுத்து வேலை செய்யவில்லை. இந்த இடத்துக்கு வந்தபோது எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். பிறகு அதைவிட ஆழமான ஒரு குழப்பம்.

செல்லுக்குள் கால்சியம் மிக மிகக் குறைவு. வெளியே அதைப்போல சுமார் பத்தாயிரம் மடங்கு. மைட்டோகாண்ட்ரியா தன் வாழ்நாள் முழுவதையும் அந்தக் குறைந்த கால்சியத்துக்குள் கழிக்கும் ஒன்று. அதைச் செல்லிலிருந்து உருவி ரத்தத்தின் உப்பில் விட்டால் கால்சியத்தை உறிஞ்சி உறிஞ்சி வீங்கி, ரத்தம் திரும்பும்போது வெடிப்பதுபோலவே வெடிக்கும் அல்லவா? எதைத் தடுக்க ஊசி போடுகிறோமோ அதே சாவு ஊசியில் இருப்பவற்றுக்கும் காத்திருக்கிறது. இதய ஆய்வாளர்கள் எடோர்டோ பெர்டேரோ, பிரையன் ஓரூர்க், கிறிஸ்டோஃப் மாக் மூவரும் 2020இல் இந்த வாதத்தை அழுத்தமாக முன்வைத்தார்கள். மெக்கலி, எமானி, அவர்கள் சகா டெல் நிடோ மூவரும் பதில் எழுதினார்கள்: அடையாளமிட்டுச் செலுத்திய மைட்டோகாண்ட்ரியாவைச் சில நிமிடங்களிலேயே செல்களுக்குள் கண்டிருக்கிறோம் என்பது அவர்கள் நிலை. இரு தரப்பையும் மாறி மாறிப் படித்துப் பார்த்தேன். வேதியியல் விமர்சகர்கள் பக்கம் நிற்கிறது என்றே எனக்குப் படுகிறது. தேறிய விலங்கு இதயங்கள் எதிர்ப் பக்கம் நிற்கின்றன. ஒன்றை வைத்து மற்றதைப் பொய் என்று தள்ளிவிட முடியவில்லை.

குழப்பத்தின் அடி இன்னும் கீழே இருக்கிறது. உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967இல் எழுதிய கட்டுரை பல இதழ்களால் திருப்பியனுப்பப்பட்ட பிறகே அச்சேறியது. மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்துத் திரிந்த பாக்டீரியா, இன்னொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே குடியேறிவிட்டது என்ற கருத்து இன்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. வட்ட வடிவ டிஎன்ஏ, 16,569 எழுத்து, 37 மரபணு. பாக்டீரியா புரதம் தொடங்கும் விதத்திலேயே அதன் புரதங்களும் தொடங்குகின்றன. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலான குடும்ப வாழ்க்கை. ஆனால் நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்தப் பழைய முகத்தை மறக்கவேயில்லை. 2010இல் கார்ல் ஹவுசரின் குழு பலத்த காயமடைந்த நோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்தது. கிழிந்த செல்களிலிருந்து மைட்டோகாண்ட்ரியா ரத்தத்தில் கலந்திருந்தது. கிருமி எதுவும் இல்லை. இருந்தும் வெள்ளையணுக்கள் கிருமியைக் கண்டதுபோல் பாய்ந்து உடலையே புண்ணாக்கின. அம்மாவிடமிருந்து வந்தது, கருவிலிருந்தே கூட இருப்பது. ஒரு சவ்வைத் தாண்டி வெளியே வந்ததும் அந்நியன் ஆகிவிடுகிறது. ஹவுசர் பணியாற்றிய பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையும் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையும் லாங்வுட் என்ற ஒரே வட்டாரத்தில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஓரிடத்தில் செல்லுக்கு வெளியே வந்த மைட்டோகாண்ட்ரியா நோய். அடுத்த கட்டடத்தில் அதுவே மருந்து. நான் விட முடியாமல் சுற்றிக்கொண்டிருப்பது இந்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலுள்ள தெருவில்தான்.

வேறுபாடு எங்கே? உடையாமல் முழுசாக இருப்பதில் என்கிறது மெக்கலியின் குழு. எலிகளுக்குத் தன் வகை எலியுடையதையும் வேறு வகை எலியுடையதையும் செலுத்திப் பார்த்ததில் எதிர்ப்பு எதுவும் கிளம்பவில்லை என்று 2019இல் அவர்கள் எழுதினார்கள். ஆனால் கால்சியக் கடலில் எத்தனை நேரம் முழுசாக இருக்கும்? அளவா? இடமா? இயற்கையும் இந்த எல்லையை நாம் நினைக்கிற அளவுக்கு மதிப்பதில்லை. நலிந்த செல்லுக்குப் பக்கத்துச் செல் தன் மைட்டோகாண்ட்ரியாவைக் கொடுப்பதை 2006இல் ஆய்வுத் தட்டிலும் 2012இல் எலியின் நுரையீரலிலும் பார்த்திருக்கிறார்கள். மத்ரீதில் ஆந்த்ரேஸ் இதால்கோவின் குழு 2020இல் வெளியிட்டது என்னை இன்னும் அதிகமாக நிறுத்தியது: நோயில்லாத இதயத்தில்கூடத் தசைச் செல்கள் தேய்ந்த மைட்டோகாண்ட்ரியாவைப் பொட்டலம் கட்டி வெளியே தள்ளுகின்றன, அருகிலிருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அவற்றை எடுத்து விழுங்குகின்றன. அந்த மேக்ரோஃபேஜ்களை நீக்கிவிட்டால் இதயத்தின் வேலையே கெடுகிறது. ஆக, இந்த நிமிடம் இதைப் படிக்கிறவரின் நெஞ்சுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா செல்லை விட்டு வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறது, சத்தமில்லாமல், உறையோடு, எடுத்துப்போக ஆள் நிற்கும் இடத்துக்கு. வெளியே வருவது குற்றமில்லை. கிழிந்து சிதறி, ஏந்திக்கொள்ள யாரும் இல்லாத இடத்தில் வருவதுதான் உடலைக் கலவரப்படுத்துகிறது. அறுவை மருத்துவரின் ஊசி இந்த இரண்டில் எதைப் போன்றது என்பதை உறுதியாகச் சொல்லும் சோதனையை நான் இன்னும் படிக்கவில்லை.

2024இல் அதே குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஹுவான் மெலேரோ-மார்ட்டினின் குழு எழுதிய கட்டுரை வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது இதயத் தசையை இல்லை, ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களை. இப்படிப்பட்ட செல்களைத் தனியாக எலியின் உடலில் வைத்தால் பெரும்பாலும் நிலைக்காது. முன்கூட்டியே மைட்டோகாண்ட்ரியா ஏற்றி வைத்தால் நிலைத்து நின்று ரத்தக் குழாயாக வளர்ந்தன. வந்த மைட்டோகாண்ட்ரியா உள்ளே போய் வேலைக்குச் சேர்ந்ததா என்று பார்த்தால், இல்லை. செல் அதைப் பழுதானது என்று அடையாளமிட்டு, பிங்க்1, பார்க்கின் என்ற புரதங்களின் வழியில் செரித்துவிட்டது. அந்தச் செரிமான வழியை அடைத்துவிட்டால் பலனும் போய்விட்டது. செரிக்கும் வேலையில் விழித்துக்கொண்ட செல் தன் சொந்த மைட்டோகாண்ட்ரியாவைப் புதுப்பித்துக்கொள்கிறது, அதுதான் அதைக் காப்பாற்றுகிறது என்பது அவர்கள் முடிவு. இதைப் படித்த அன்றைக்கு நீண்ட நேரம் வேறு எதையும் படிக்க ஓடவில்லை. வந்தது பிழைக்கவே இல்லை, வந்ததன் சாவே மருந்து. கால்சியத்தில் அது சாகும் என்று சொன்ன விமர்சகர்களும், இதயம் தேறியது என்று சொன்ன அறுவை மருத்துவர்களும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கக்கூடும் என்ற சாத்தியம் முதல் தடவையாகக் கண்ணில் பட்டது. உட்சுவர்ச் செல்லில் உண்மையானது துடிக்கும் தசைச் செல்லிலும் உண்மையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அப்படி இருந்தால், உயிரோடு முழுசாக, பனிக்கட்டியில், அரை மணிக்குள் என்ற இந்த அவசரமெல்லாம் தேவைதானா என்ற கேள்வி வரும். செல்லை விழிக்கவைக்கும் அந்தச் சமிக்ஞையை மட்டும் ஒரு குப்பியில் அடைத்துக் கொடுக்க முடியுமானால், எக்மோவும் அறுவை அரங்கும் இல்லாத ஊர்களில் மாரடைப்பு வருகிறவர்களுக்கும் அது எட்டும். என் ஆசை எல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது.

ஆசை ஓடுகிற இடத்தில்தான் இந்தத் துறை இதுவரை விழுந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் அந்தத் துளையை அடைக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தை மாரடைப்பு வந்த 58 பேரிடம் சோதித்த பிரெஞ்சு ஆய்வு 2008இல் நம்பிக்கையூட்டியது. விலங்குகளில் விளைவு தெளிவு, செயல்முறை தெளிவு, மனிதரிலும் சேதம் குறைந்தது. 2015இல் 970 பேரிடம் செய்து பார்த்தபோது எந்தப் பயனும் இல்லை. கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி இறுக்கித் தளர்த்தினால் தூரத்திலிருக்கும் இதயம் காப்பு பெறும் என்ற இன்னோர் அழகான கருத்து, 5,000 பேருக்கும் மேல் கலந்துகொண்ட சோதனையில் 2019இல் கைவிட்டது. பத்துக் குழந்தைகள் என்பது 58 பேரைவிடவும் குறைவு. இதை நினைவில் வைத்துக்கொண்டே நல்ல செய்திகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. நம்பாமல் இருப்பதற்காகச் சொல்லவில்லை. எக்மோவில் கிடக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் தாய் தகப்பனிடம் நம்பிக்கையைத் தவிர வேறொன்றும் இருக்காது, அதைக் கொண்டு அவர்கள் எதற்கும் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கையெழுத்தின் பாரம் வாங்குகிறவர்கள் மேல்தான் இருக்கிறது.

என் முடிவு இது. வேறு வழி அடைபட்ட குழந்தைகளுக்கு, இதைச் செய்யத் தெரிந்த கைகளில், ஆராய்ச்சி என்ற பெயரிலேயே இந்த ஊசி தொடரட்டும். பெரியவர்களின் மாரடைப்புக்கு இதைச் சிகிச்சை என்று விளம்பரப்படுத்தும் உரிமை எந்த மருத்துவமனைக்கும் இன்று இல்லை. சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை வேண்டும். அதில் ஒரு பிரிவுக்கு உயிருள்ள மைட்டோகாண்ட்ரியாவும், ஒரு பிரிவுக்கு வேண்டுமென்றே செயலிழக்கச் செய்ததும், ஒரு பிரிவுக்கு வெறும் கரைசலும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை ஒப்புதல் படிவத்தின் முதல் வரியில், பெற்றோர் வீட்டில் பேசும் மொழியில், பெரிய எழுத்தில் இது இருக்கட்டும்: இந்த ஊசி எப்படி வேலை செய்கிறது என்று எங்களுக்கு இன்னும் தெரியாது.